சிரட்டையா, அட்டைப்பெட்டியா, பாட்டிலா? சின்னப் பிள்ளைக்கு எதை எடுத்துக் கொடுப்பது

ஒரு வயது தாண்டி மூன்று முடியாத பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வரும். கடையில் வாங்கிய பொம்மை இரண்டு நாளில் மூலைக்குப் போய்விடுகிறது. வீட்டில் கிடக்கும் சாமானை வைத்தே ஏதாவது செய்து கொடுத்தால் என்ன? யூடியூபைத் திறந்தால் ஆயிரம் வழி சொல்கிறார்கள். அதில் பாதி வீடியோ 'செலவே இல்லை' என்று ஆரம்பித்து, குளூ கன், கலர் சார்ட், கிளிட்டர் என்று பட்டியல் போட்டு, நம்மை வடசேரிக்கோ மார்த்தாண்டத்துக்கோ பஸ் ஏற்றிவிடும். அந்தக் காசுக்கு நல்ல பொம்மையே வாங்கியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வெட்டுவதும் ஒட்டுவதும் வர்ணம் பூசுவதும் நாம்தான். பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டும், வாயில் வைக்கும், கீழே போடும். படிப்பு யாருக்கு நடந்தது என்று கேட்டால், நமக்குத்தான்.

அதனால் இங்கே நான் அழகைப் பார்க்கப் போவதில்லை. பிள்ளை அதை வைத்து என்ன செய்ய முடியும், வாயில் போட்டால் என்ன ஆகும், நம்ம ஊர் ஈரத்தில் எத்தனை நாள் தாங்கும், இவ்வளவுதான் கணக்கு. கடைசிக் கேள்வியை மற்ற மாவட்டத்துக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் உண்டு. துணியே காயாத வாரத்தில் அட்டையும் பசையும் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாய் விஷயத்துக்கு ஒரு அளவு இருக்கிறது. பொம்மைகளைச் சோதிக்கும் இடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். அழுத்தாமலே அதற்குள் முழுசாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆகாது. தொண்டையில் போய் அடைக்கும் என்பதுதான் காரணம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதுகூடத் தப்பாது என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். இதை இங்கேயே சொல்லக் காரணம், கீழே வரும் சாமான்களில் ஒன்று இந்த அளவிலேயே தோற்றுவிடுகிறது.

பாட்டிலும் அதன் மூடியும்

எல்லாரும் முதலில் எடுப்பது பிளாஸ்டிக் பாட்டில்தான். வீட்டில் எப்போதும் கிடக்கும், நனைந்தாலும் கெடாது, கழுவினால் புதிதாகிவிடும். ஈரக் கணக்கில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலி பாட்டிலில் பாதி தண்ணீரும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும், ஒரு சிட்டிகை மஞ்சள்பொடியும் போட்டு இறுக மூடினால், சாய்க்கும்போது எண்ணெய் மேலே ஏறுவதைப் பிள்ளை வாய்பிளந்து பார்க்கும். அரிசியைப் போட்டால் கிலுக்கு. நல்லதுதான்.

சிக்கல் மூடியில் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் மூடியின் வெளிவிட்டம் 3 செ.மீ. பக்கம் வரும். மேலே சொன்ன உருளைக்குள் அது அடங்கிவிடும். வண்ண மூடிகளைச் சேர்த்து வைத்து எண்ணப் பழக்கு, நிறம் பிரிக்கப் பழக்கு என்று வருகிற யோசனைகள் எல்லாம் நாலு வயதுக்குமேல்தான் சரி. இரண்டரை வயதை ஒட்டி, மூடியைத் திருகித் திறக்கும் வித்தையும் பிள்ளைக்குக் கைவந்துவிடும். நேற்றுவரை பத்திரமாக இருந்த அரிசிப் பாட்டில் இன்றைக்குத் தரையில் கொட்டிக் கிடக்கும். பசை வைத்து ஒட்டினேன் என்பவர்களும் தினம் ஒரு தடவை திருகிப் பார்க்க வேண்டும்.

பாட்டிலை வெட்டிப் பூத்தொட்டி, படகு, வண்டி செய்வதை நான் சேர்க்கவே இல்லை. வெட்டின விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மேலே டேப் ஒட்டினால் டேப்பைக் கடித்துப் பிய்க்கும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம்ம மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு பேச்சு உண்டு. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் மரம் போட்டிருக்கிற வீடுகளில் ரப்பர் பாலை உறைய வைக்க பார்மிக் ஆசிட் வைத்திருப்பார்கள். கலக்கினது மிச்சமிருந்தால் கைக்குக் கிடைத்த பாட்டிலில் ஊற்றி, ஷீட் அடிக்கும் மிஷின் பக்கத்திலேயே வைத்துவிடுகிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. மற்ற வீடுகளில் பினாயில், மண்ணெண்ணெய், கழிவறை ஆசிட். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு 'பாட்டில் என்றால் என் விளையாட்டுச் சாமான்' என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, இந்தப் பாட்டிலை மட்டும் தொடாதே என்றால் அதற்கு எப்படிப் புரியும்? அப்படிப்பட்ட வீட்டில் பாட்டில் பொம்மை வேண்டவே வேண்டாம் என்பேன். இது கொஞ்சம் அதிகப்படியான பயமாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

அகல வாய் டப்பா வேறு. ஹார்லிக்ஸ் டப்பா, ஊறுகாய் டப்பா, அவற்றின் பெரிய மூடிகள் எல்லாம் சிறந்த சாமான். அளவு பெரிது, திருகவும் மூடவும் பழகலாம். கண்ணாடியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மார்த்தாண்டம் தேன் வாங்கின பிளாஸ்டிக் டப்பா என்றால் வெந்நீர் ஊற்றி இரண்டு மூன்று தடவை நன்றாகக் கழுவுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால் அந்த டப்பாவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பச்சைக்குழந்தையின் குடலில் விஷம் உண்டாக்கும். அதனால்தான் முதல் பிறந்தநாள் வரை தேனை நாக்கில் தொட்டு வைக்கக்கூட டாக்டர்கள் விடுவதில்லை. சேனை வைக்கிற பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனிப் போராட்டம்.

அட்டைப்பெட்டி

ஆன்லைனில் சாமான் வாங்காத வீடு இப்போது இல்லை. அதனால் அட்டைக்குப் பஞ்சமும் இல்லை. கற்றுக்கொள்வது என்று பார்த்தால் பிளாஸ்டிக்கைவிட அட்டை ஒரு படி மேல். என் பார்வையில் இருக்கிறதிலேயே உருப்படியான ஒரே 'கைவேலை' போஸ்ட் பெட்டிதான். செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து மூடியில் நீளவாக்கில் ஒரு பிளவும், பக்கத்தில் டப்பா மூடி நுழையும் அளவுக்கு ஒரு வட்டமும் வெட்டுங்கள். டப்பா மூடிகள் நாலைந்தைக் கொடுங்கள். முதலில் மூடியைப் பிளவின்மேல் படுக்கையாக வைத்து அமுக்கும், உள்ளே போகாது. இன்னொரு தடவை அமுக்கும், கோபம் வரும், நம் முகத்தைப் பார்க்கும். நாம் வாயைத் திறக்காமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பி மூடியைச் செங்குத்தாக்கிவிடும். 'டொப்' என்று விழும் சத்தம் கேட்டதும் வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே பெட்டியைத் திறந்து திறந்து கொடுக்க வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் போனது உள்ளேதான் இருக்கிறது என்பது, கையைத் திருப்பினால் வழி கிடைக்கும் என்பது, காரியம் ஒன்று செய்தால் சத்தம் ஒன்று வரும் என்பது, எல்லாம் அந்த ஒரு பெட்டியில் அடங்கும்.

பெரிய பெட்டி கிடைத்தால் வெட்டவே வேண்டாம். வாஷிங் மெஷின் வந்த பெட்டியைச் சாய்த்து வைத்தால் அதுவே வீடு, அதுவே குகை.

இனி குறைகளைச் சொல்கிறேன். பழக்கடை, மளிகைக்கடைப் பெட்டிகளில் இரும்பு பின் அடித்திருப்பார்கள், ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பல் முளைக்கிற பிள்ளை அட்டையைக் கடித்து ஊறவைத்துவிடும், ஊறினது உருண்டையாக வாய்க்குள் போகும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் தரையில் கிடந்தால் அடிப்பாகம் தளர்ந்து, பூசணவாடை வரும். மைதாப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தால் கரப்பானுக்கும் எறும்புக்கும் விருந்து. மூச்சு இழுப்பு உள்ள பிள்ளைக்குப் பூசணம் பிடித்த அட்டையைக் கிட்டத்திலேயே கொண்டுவரக் கூடாது. எனவே அட்டை பிப்ரவரியிலிருந்து மே வரை ராஜா, ஜூனிலிருந்து நவம்பர் வரை வந்து போகிற விருந்தாளி. மழைக்காலத்தில் செய்தாலும் ஒரு வாரத்துக்கு என்று நினைத்துச் செய்யுங்கள். அப்போதுதான் தூக்கிப்போட மனசு வரும். ஆற அமர அலங்கரித்து வைத்த பெட்டியை, பூசணம் பிடித்த பிறகும் 'கஷ்டப்பட்டுச் செய்தேனே' என்று வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

பழைய செய்தித்தாளுக்கு ஒரு வரி போதும்: கிழிக்கக் கொடுங்கள், விரலுக்கு நல்ல வேலை, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

சிரட்டை

எங்கள் வீட்டில் மாமி இந்த விவாதத்தையே ஒரே வரியில் முடித்துவிடுவார்: "எதுக்கு மக்களே வெட்டி ஒட்டிக்கிட்டு, ரெண்டு சிரட்டைய எடுத்துக் குடு." தேங்காய் துருவாத நாள் இல்லாத மாவட்டம் இது. சிரட்டை அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்குப் போகும். நடுவில் ஒரு ஆறுமாதம் பிள்ளை கையில் இருந்துவிட்டுப் போகட்டுமே.

தயார் செய்வதில் கொஞ்சம் வேலை இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சமமாக உடைந்ததைப் பொறுக்கி எடுத்து, ஒட்டியிருக்கும் தேங்காய்ப்பருப்பை ஒட்டச் சுரண்டிவிட வேண்டும். மிச்சம் வைத்தால் அதில்தான் பூசணம் பிடிக்கும். வெளியே உள்ள நாரை உடைந்த கண்ணாடித்துண்டால் சீவுகிற பழைய முறை நமக்கு வேண்டாம், மழுங்கின கத்தி போதும். அப்புறம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற உப்புத்தாள். முதலில் சொரசொரப்பான தாளைத் தரையில் விரித்து, சிரட்டையைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தால் விளிம்பு தானே மட்டமாகும். பிறகு நைசான தாளால் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் உருட்டித் தேய்க்க வேண்டும். விரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, எங்கேயும் பிசிறு தட்டாவிட்டால் சரி. கடைசியாக வெந்நீரில் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போட்டுவிடலாம். பெயிண்ட், வார்னிஷ் எதுவும் பூசாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஒரு துளி துடைத்தாலே பளபளக்கும்.

பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்? என்னதான் செய்யாது! இரண்டை மோதிச் சத்தம் எழுப்பும். ஒன்றில் இருக்கிற அவலை இன்னொன்றில் கொட்டும். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கொடுத்தால் ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கப் பார்க்கும். பெரியதைச் சின்னதுக்குள் திணித்துத் தோற்றுப்போய்த் தானே மாற்றிக்கொள்ளும். கவிழ்த்தால் ஆமை, நிமிர்த்தினால் சட்டி. கண் திறந்திருக்கிற சிரட்டையில் தண்ணீர் ஊற்றினால் ஒழுகும், கண் இல்லாத பாதியில் நிற்கும். 'ஏன் இதில் மட்டும் போகுது' என்கிற கேள்வி பேச்சு வருவதற்கு முன்னாலேயே அந்த முகத்தில் வந்துவிடும். தொண்டைக்குள் போகிற அளவே இல்லை, கடித்தாலும் உரியாது. நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் குறையே இல்லையா? உண்டு. எறிந்தால் வலிக்கும், அண்ணன் அக்கா தலை ஜாக்கிரதை. கீறல் விழுந்த சிரட்டை எப்போது வேண்டுமானாலும் கூர்மையாக உடையும், அதை உடனே அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். முற்றத்தில் நிமிர்ந்து கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். விளையாட்டு முடிந்ததும் உள்ளே எடுத்து வையுங்கள், குறைந்தபட்சம் கவிழ்த்தாவது வையுங்கள். தண்ணீர் விளையாட்டு என்றால் அகலமான தட்டில் கொஞ்சமாக ஊற்றி, பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாளியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகக் கூடாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும் ஒரு பிள்ளை மூழ்க. நாகர்கோவிலில் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை: கீழ்வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்தை இழப்பார்.

ஓலையும் துணியும்

ஓலையில் எனக்கு ஆசை அதிகம், மதிப்பெண் குறைவு. பச்சைத் தென்னோலையில் ஈர்க்கிலை நீக்கிவிட்டுப் பந்து பின்னிக் கொடுத்தால் உருட்டுவதற்கும் பிடிப்பதற்கும் மெத்தென்று அருமையாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் காய்ந்து நெகிழ்ந்துவிடும், அதனாலென்ன, வேறு பின்னலாம். ஆனால் பின்னத் தெரிந்த தாத்தா வீட்டில் இருக்க வேண்டும். பனையோலை வேறு ரகம். அதன் ஓரம் கையை அறுக்கும், மட்டையின் கருக்கு அதைவிட மோசம். ஓலைக்கிலுக்கை ஒன்றரை வயதுப் பிள்ளை கடித்துப் பிரித்துவிட்டால் உள்ளே இருக்கிற கல்லும் கொட்டையும் வெளியே வரும். அதைத் தொட்டிலுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு நாம் ஆட்டிக் காட்டலாம். நுங்கு வண்டி ஓட்டுவது மூன்று வயதுக்கு அப்புறம் வருகிற யோகம்.

கொட்டை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கிலுக்குக்குள் போட, எண்ணிப் பழக என்று குன்றிமணியை எடுத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்க்க அழகு, உடைத்துக் கடித்தால் உயிரை எடுக்கும் விஷம். தோட்டத்தில் புள்ளி புள்ளியாகப் பளபளவென்று விழுந்து கிடக்கும் ரப்பர் கொட்டையிலும் விஷம் உண்டு. சுடாத முந்திரி அண்டியின் தோட்டுப்பால் பட்டால் தோல் வெந்துபோகும். புளியங்கொட்டையில் விஷமில்லை, ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் போய் மாட்டுவதில் அதற்கு ஈடில்லை. மூன்று வயதுவரை கொட்டை எதுவுமே வேண்டாம்.

துணிக்கு வருகிறேன். ஒரு வயதை ஒட்டிய பிள்ளைக்கு சிரட்டையையும் இது முந்திவிடும். பழைய சேலை, சாரம் (லுங்கி), துவர்த்து (துண்டு), பட்டு ஜாக்கெட் மிச்சம் எல்லாவற்றிலும் கைக்குட்டை அளவுத் துண்டுகள் வெட்டி, ஒரு அகல வாய் டப்பாவில் திணித்துக் கொடுங்கள். ஒவ்வொன்றாக உருவி எடுக்கும். வழுவழு, சொரசொர, மெத்மெத் எல்லாம் விரலுக்குத் தெரியும். முகத்தை மூடி 'காணோம்' விளையாடலாம். தைக்கத் தெரிந்தால் உள்ளே துணியையே அடைத்துப் பந்து தைக்கலாம், எறிந்தாலும் யாருக்கும் வலிக்காது. பொத்தான், ஊக்கு, பாசிமணி, ஜரிகை நூல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நாடாவோ கயிறோ ஒரு சாணுக்குமேல் தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றும். மழைக்காலத்தில் துவைத்தால் காயாது என்பது ஒன்றுதான் தொல்லை. இரண்டு செட் வைத்துக்கொண்டால் அதுவும் தீர்ந்தது.

கடையில் வாங்குவதை ஏன் ஒதுக்க வேண்டும்?

ஒதுக்கவில்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரை உள்ள அடுக்குக்கட்டை ஒரு செட் வாங்கினால் மூன்று நாலு வருஷம் ஓடும், தம்பி தங்கைக்கும் ஆகும். வேலைக்குப் போகிற அம்மா, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உப்புத்தாள் தேய்ப்பதைவிட அது லாபம்.

என் சண்டை திருவிழாக் கடை பொம்மையோடுதான். சுசீந்திரம் தேர், மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் மினுக்மினுக்கென்று எரிகிற சாமானை வாங்காமல் பிள்ளை நகராது. அதற்குள் இருப்பது பொத்தான் மாதிரிச் சின்ன பேட்டரி. அதன் மூடி ஸ்குரூ போடாமல் நகத்தால் திறக்கிற மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சந்தேகம் வந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம், மறுநாள் வெளிக்குப் போகிறதா பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

அப்போ எதை எடுப்பது?

ஒரு வயதிலிருந்து ஒன்றரை வரை துணியும் அகல வாய் டப்பாவும் போதும். செய்வதற்கு ஒன்றுமே இல்லை, அதுதான் அதன் பெருமை. ஒன்றரையிலிருந்து சிரட்டை மூன்றும் போஸ்ட் பெட்டியும் சேரட்டும். பாட்டியோ தாத்தாவோ பகலில் பார்த்துக்கொள்கிற வீடு என்றால் பெட்டியைவிட சிரட்டைக்கே என் ஓட்டு. பிய்ந்த டேப்பும் ஊறின அட்டையும் பிள்ளை வாயில் இருக்கிறதா என்று பெரியவர்களைக் குனிந்து குனிந்து பார்க்க வைக்கக் கூடாது. மாடி வீடு, கைக்கு வேகம் அதிகமுள்ள பிள்ளை, பக்கத்தில் தவழுகிற இன்னொரு குழந்தை, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிரட்டையைத் தள்ளிவைத்து அட்டையையும் துணிப்பந்தையும் எடுங்கள். இரண்டரைக்குமேல் மூடி திருகும் டப்பாக்கள், மூடிக்கு எது ஜோடி என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு. பாட்டிலுக்கு என் வரிசையில் கடைசி இடம், ஆசிட் இருக்கிற வீட்டில் இடமே இல்லை.

எதை எடுத்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பாதீர்கள். இரண்டு சாமான் வெளியே, மற்றது பரணில். சலித்துப்போய் எறிய ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். பரணில் ஒரு வாரம் கிடந்த சிரட்டையை இறக்கிக் கொடுத்தால் அதைப் புதுச் சாமான் என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும். இறக்கும்போது விளிம்பில் விரலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.